நிற்கத் தெரியாத வண்டி

"இந்தப் பைக்குக்கு ஓடத் தெரியும், நிக்கத்தான் தெரியா" என்று என் மனைவி சொன்னது ஹட்டன் பஸ் நிலையத்துக்கு முன்னால் வைத்து. 2022 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. முன்னால் ஒரு பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் கிளச்சை முழுக்கப் பிடித்தபடி நின்றேன். நின்றேன் என்பது என் நினைப்பு. வண்டி கயிற்றை இழுக்கும் ஆட்டைப் போல அங்குலம் அங்குலமாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் ஒரு தரம் உதறிவிட்டு அணைந்தது. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். மனைவி இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஏனென்றால் அந்தக் குணம் எனக்குப் புதிதல்ல. சிவப்பு விளக்கோ ரயில் கடவையோ வந்தால், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நின்ற பிறகு தேடினால் கிடைக்காது. முதலாம் கியரிலிருந்து காலால் தட்டினால் இரண்டுக்குப் போகும், இரண்டிலிருந்து தட்டினால் ஒன்றுக்கு வரும், நடுவில் இருக்கும் நியூட்ரல் மட்டும் அகப்படாது. வேறு வழியில்லாவிட்டால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரல் போட்டு, மறுபடி உதைத்துக் கிளப்ப வேண்டும். காலையில் முதலாம் கியர் போடும்போது 'டொங்' என்று ஒரு சத்தம் வரும், வண்டியே ஒரு முழம் குதிக்கும். இவையெல்லாம் எனக்குப் பழகிப் போயிருந்தன. பழகிப் போனது வண்டிக்கு அல்ல, எனக்கு.

நம் பக்கத்து கராஜ்களில் இதற்கு ஒரே சொல்தான்: 'கிளச் விடுதில்ல.' இதற்கு நேர்எதிரான நோய் 'கிளச் ஸ்லிப் அடிக்கிது' என்பது. முதலாவதில் லீவரைப் பிடித்தாலும் எஞ்சினின் பிடி விடுபடாது. இரண்டாவதில் லீவரை விட்டாலும் பிடி விழாது. எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. நான் செய்த காரியம் என்னவென்றால், முதல் நோய்க்கு மருந்து செய்யப்போய் இரண்டாவது நோயையும் வரவழைத்து, அதனால் முதல் நோயை இரட்டிப்பாக்கியது. அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பாடசாலை தோட்டத்துப் பாடசாலை. ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு இறங்கி, நோர்வூட் வீதியில் கொஞ்சம் போய், பிறகு பிரதான வீதியை விட்டுத் தேயிலை மலைக்குள் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கு பஸ் கிடையாது. காலை ஏழரைக்கு அதிபரின் மேசையில் இருக்கும் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தவர்களுக்குத்தான் அந்தச் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று தெரியும். ஆகவே எனக்கு இந்த நூறு சீசீ வண்டி வாகனம் மட்டுமல்ல, கோட்டுக்கு மேலே இருப்பதற்கான உத்தரவாதமும்கூட. அதை ஒரு நாள் கராஜில் விடுவதென்றால் ஒரு நாள் லீவு. விடாமல் ஓட்டியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அந்த வருஷம். 2022 யாருக்கும் மறந்திருக்காது. பெற்றோலுக்காக இராப்பகலாக வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றார்கள். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். புது வண்டி வாங்குவது என்ற பேச்சே இல்லாமல் போனது. இருக்கும் வண்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பதே கெட்டித்தனம். ரூபா விழுந்த வேகத்தில் உதிரிப் பாகங்களின் விலை மாதத்துக்கு ஒரு முகம் காட்டியது. தகரத்தில் அடைத்து வரும் மோட்டார் சைக்கிள் ஒயில் கிடைக்கவில்லை; கிடைத்த கடையில் விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். லொறிக்குப் பெரிய பீப்பாயில் வாங்கி வைத்திருந்த ஒருவரிடம் அரைச் சிநேகத்தில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன். அது நல்ல ஒயில்தான், லொறிக்கு. தேன் மாதிரித் தடிப்பு.

இங்கே கிளச் என்ற சாமான் என்ன என்று கொஞ்சம் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. வண்டியின் வலப் பக்கக் கவருக்குள்ளே, ஒயிலில் ஊறியபடி, ஒரு வட்டக் கூடை இருக்கிறது. கூடைக்குள் தட்டுகள். என்னுடையதில் உராய்வுத் தட்டு நாலு, அவற்றுக்கு இடையிடையே எஃகுத் தட்டு மூன்று. உராய்வுத் தட்டுகளின் ஓரத்துப் பற்கள் கூடையின் விரல்களில் மாட்டி எஞ்சினோடு சுற்றும். எஃகுத் தட்டுகளின் உட்பற்கள் நடு மையத்தில் மாட்டிச் சில்லோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இந்த ஏழு தட்டுகளையும் ஒன்றாக அழுத்தி வைத்திருக்கும்வரை எஞ்சினும் சில்லும் ஒன்று. லீவரைப் பிடித்தால் அழுத்தம் நீங்கித் தட்டுகள் பிரிய வேண்டும்.

பிரிய வேண்டும் என்றால் எவ்வளவு? இதுதான் என்னைத் திகைக்க வைத்த கணக்கு. லீவரை நாம் முழுக்கப் பிடித்தாலும் உள்ளே அழுத்தும் தட்டு விலகுவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். அந்த ஒன்றரையை நாலு உராய்வுத் தட்டுகளின் எட்டு முகங்கள் பங்குபோட வேண்டும். ஒரு முகத்துக்கு 0.2 மில்லிமீற்றர்கூட வராது. அப்பியாசக் கொப்பித் தாளில் இரண்டை ஒன்றாக வைத்தால் அந்தத் தடிப்பு. ஹட்டன் மெயின் வீதியில் நான் நிற்பதும் முன்னால் நிற்பவரை முட்டுவதும் இரண்டு தாள் இடைவெளியில் இருக்கிறது.

இந்த இடைவெளியில் ஒயில் நிற்கிறது. தடித்த ஒயில் என்றால், அதுவும் ஹட்டனின் விடியற்காலைக் குளிரில் இறுகிய ஒயில் என்றால், தட்டுகள் பிரிந்த பிறகும் பசை மாதிரி ஒன்றை மற்றது இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரக் கண்ணாடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காலையில் வந்த 'டொங்' சத்தத்துக்குக் காரணம் இதுதான். வண்டியைக் கிளப்புவதற்கு முன் கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் நாலு தரம் ஆட்டினால் ஒட்டிய தட்டுகள் விட்டுவிடும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கேபிள் ஒன்றுதான்.

ஏன் கேபிள்? கேபிள் வெளியே இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பெனர் ஒன்று இருந்தால் திருகலாம். உள்ளே இருப்பதைப் பார்க்க ஒயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, கவரைத் திறக்க வேண்டும். கையெட்டும் இடத்தில் நோய் இருக்க வேண்டும் என்று நினைப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். வகுப்பிலும் இதையே செய்திருக்கிறேன். கரும்பலகையைப் பார்த்து எழுதாத ஒரு பையனை முன்வாங்குக்கு மாற்றினேன், பிறகு ஜன்னலோரம் மாற்றினேன், பிறகு அதட்டினேன். ஒரு வருஷம் கழித்து அவனுக்குக் கண்ணாடி வந்தது.

கேபிளின் கதை இது: லீவரின் நுனியைத் தொட்டு இழுத்தால், கேபிள் இறுகுமுன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். நுனியில் அளந்தால் 10 முதல் 20 மில்லிமீற்றர் என்பது இந்த மாதிரிச் சிறிய வண்டிகளுக்குப் பொதுவான அளவு. அந்த ஆட்டம் கூடினால் கிளச் விடாது. என் வண்டியில் முதலில் அது கூடித்தான் இருந்தது. பழைய கேபிள் நீண்டிருந்தது. திருகினேன். கொஞ்சம் குணம் தெரிந்தது. கொஞ்சம் திருகினால் கொஞ்சம் குணம் என்றால் இன்னும் திருகினால் இன்னும் குணம் என்று கணக்குப் போட்டேன். கணித பாடமும் எடுக்கிறவன் அல்லவா. லீவரில் ஆட்டமே இல்லாமல், தொட்டாலே இறுகும் அளவுக்குத் திருகி வைத்தேன்.

ஆட்டம் இல்லாத கேபிள் என்றால், கையை எடுத்த பிறகும் யாரோ ஒருவர் லீவரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கிறார் என்று அர்த்தம். ஸ்பிரிங்குகள் முழு அழுத்தத்தைக் கொடுக்காது. மலையேறும்போது தட்டுகள் வழுக்கும். தோட்டத்துப் பாதையின் கடைசி வளைவில் எஞ்சின் கதறியது, வண்டி மெதுவாகத்தான் ஏறியது. பெற்றோலில் தண்ணீர் என்று முடிவுகட்டினேன். அந்தக் காலத்தில் எதற்கும் பெற்றோலைக் குறை சொல்லலாம், யாரும் மறுக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் செய்தேன். நிற்கும்போது எஞ்சின் அணைந்து போவது எரிச்சலாக இருந்ததால் ஸ்லோ ஸ்குரூவைத் திருகி எஞ்சினின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டி வைத்தேன். விடாத கிளச்சுள்ள வண்டிக்கு இதைவிடக் கெட்ட காரியம் இல்லை. அணையாமல் இருக்கும், ஆனால் முன்னையைவிடப் பலமாக இழுக்கும்.

2023 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுத்துவிட்டு, உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை மேல் டிவிஷனில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறி இறங்கி எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. மெல்லிய தூறல். கொழுந்து மடுவத்துக்கு முன்னால் பெண்கள் நிறுவைக்கு வரிசையில் நின்றார்கள். பாதையின் பாதியை மூட்டைகள் பிடித்திருந்தன. நிறுத்தினேன். இடப்பக்கம் காண் இருந்ததால் வலக்காலை ஊன்றினேன். கால் பிரேக் போயிற்று. ஹெல்மெட் கண்ணாடியில் நீர் படர்ந்திருந்தது. வலக்கையால் துடைத்தேன். கை பிரேக்கும் போயிற்று. இடக்கை கிளச்சைப் பிடித்திருந்தது. அது ஒன்றே போதும் என்று அந்த நேரம் நினைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை.

வண்டி ஊர்ந்து போயிருந்தால் தெரிந்திருக்கும். ஊரவில்லை, பாய்ந்தது. ஒரு பாய்ச்சல்தான், மூன்றடி இருக்கலாம். முன்சில்லு ஒரு பெண்ணின் முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. அவர் கொழுந்து மூட்டையோடு குப்புற விழுந்தார். எஞ்சின் அணைந்தது. மழையின் சத்தம் மட்டும் கேட்டது.

எழுப்பியது பக்கத்தில் நின்ற பெண்கள். முழங்காலில் தோல் உரிந்து சேறோடு இரத்தம். அவர் என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்: "நாந்தான் சேர் பாக்காம நின்னுட்டேன்." கங்காணி ஓடிவந்தார். என் கையைப் பிடித்து, "சேருக்கு ஒன்னும் ஆகலையே?" என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. சிதறிய கொழுந்தை அவரே குனிந்து அள்ளி மூட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அவருடைய மகள் என்னிடம் தரம் 7இல் படிக்கிறாள்.

அன்று மாலை மருந்தும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அவர்களுடைய லயத்துக்குப் போனேன். பிளேன்டீ தந்தார்கள். கால் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மலைக்குப் போக முடியாது என்றார். 2021இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு பேர் போனால் அது போயிற்று. அந்தக் காசைக் கொடுத்தேன். புருஷன் வேண்டாம் என்று தலையசைத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். அவர் மறுபடியும், "மழயில நீங்க என்னா செய்வீங்க சேர்" என்றார். நான் ஆமாம் மழை என்றேன். சொன்னது அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை டிக்கோயா வீதியிலுள்ள ஒரு கராஜுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அறுபது வயதைத் தாண்டிய நாநா ஒருவர் நடத்துவது. லொறி எஞ்சின் பிரித்த கை. இப்போது முதுகு வளையாததால் மோட்டார் சைக்கிள் மட்டும். நான் போனதும் கேபிளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேபிள வுடுங்கொ மாஸ்டர். காலையில பிடிக்கிதா, சூடான பொறகு பிடிக்கிதா?"

"ரெண்டு நேரமும் நாநா."

"எது கூட?"

யோசித்தேன். காலையில் சத்தம்தான் பெரிது. இழுப்பது பின்னேரம்தான் கூட.

"ஊந்து போகுதா, பாயுதா?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பாயுது என்றேன்.

அவர் வண்டியை நடு ஸ்டேண்டில் ஏற்றினார். எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சைப் பிடித்து, முதலாம் கியர் போட்டார். பின்சில்லு சுற்றியது. "இது சுத்தும். ஒயிலுக்குள்ள ஈக்கிற கிளச் எண்டா கொஞ்சம் சுத்தத்தான் செய்யும். அதப் பாத்துப் பயப்பட வாணாம்" என்றவர் பின் பிரேக்கை மெதுவாக அழுத்தினார். நல்ல கிளச் என்றால் சில்லு சத்தமில்லாமல் நிற்க வேண்டும், எஞ்சின் தன்பாட்டில் ஓட வேண்டும். என்னுடையதில் சில்லு நிற்கவில்லை. எஞ்சின்தான் முக்கியது, பிறகு அணைந்தது. எஞ்சினை அணைத்தபடியே கியரில் வைத்து, கிளச்சைப் பிடித்துச் சில்லைக் கையால் சுற்றச் சொன்னார். ஓரிடத்தில் இலகுவாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் வந்தது. "ஒரே மாதிரி இறுக்கம் எண்டா ஒயில். விட்டு விட்டு இறுகினா தட்டு" என்றார்.

பிறகுதான் லீவரைத் தொட்டார். தொட்டதும் என் முகத்தைப் பார்த்தார். "இத ஆர் இப்பிடி இறுக்கின?"

வடித்த ஒயில் கறுப்பாகத் தடித்து வந்தது. விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கார், லொறி ஒயில்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நான்தான் பிறகு படித்தேன். மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஒயில். அது வழுக்கவும் வேண்டும், தட்டுகள் பிடிக்கவும் விட வேண்டும். இதற்காகவே ஜப்பான்காரர்கள் 1998இல் ஜாசோ என்ற தரத்தை வகுத்தார்கள். தகரத்தில் 'எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று போட்டிருந்தால் நம்முடைய மாதிரி ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு, 'எம்.பி.' என்றால் ஸ்கூட்டருக்கு. தடிப்பு எவ்வளவு என்பதை வண்டியோடு வந்த சிறு புத்தகம் சொல்லும். என் புத்தகம் அலுமாரியில், பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருந்தது.

கவரைத் திறந்தார். நடு நட்டைக் கழற்ற ஒரு கருவி எடுத்தார். கடையில் வாங்கியதல்ல, இரும்புக் குழாய்த் துண்டொன்றின் வாயில் நாலு பல் வெட்டி அவரே செய்தது. எஞ்சினுக்குப் பொருந்தும் கருவி விலையாக இருந்தால் கருவியையே செய்துகொள்ளும் மனிதர்கள் இந்த மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். தட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எடுத்த ஒழுங்கிலேயே பத்திரிகைத் தாளில் அடுக்கினார்.

எஃகுத் தட்டுகளைத் துடைத்துப் பார்த்தபோது இரண்டில் நீலம் படர்ந்திருந்தது. மயிலிறகின் நீலம். எஃகு அந்த நிறத்துக்கு வர ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். வழுக்கி வழுக்கிச் சூடாகிய நீலம் அது. அதாவது நான் கேபிளை இறுக்கிய நாளிலிருந்து ஏறிய நீலம்.

கராஜ் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் மல்லாத்தினார். கண்ணாடியைப் போலத் தட்டையான சாமான் கராஜில் வேறில்லை. நீலத் தட்டொன்றை அதன்மேல் வைத்து விரலால் ஓரத்தை அழுத்தினார். 'டிக்' என்று மறு ஓரம் எழும்பியது. ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் செருகினார். 0.2 உள்ளே போகக்கூடாது, 0.3 போயிற்று. எனக்கு விளங்க வேண்டும் என்று பில் புத்தகத்தின் தாளை மடித்தும் செருகிக் காட்டினார். இரண்டு தாள் போய், மூன்றாவதும் போனது. ஒரு முகத்துக்குக் கிடைக்கும் இடைவெளியே இரண்டு தாள்தான். தட்டின் கோணல் அதைவிடப் பெரிது. லீவரை எவ்வளவு பிடித்தாலும் இது எங்காவது தொட்டுக்கொண்டுதான் இருக்கும்.

"பாய்ற காரணம் இதில்ல" என்றார் நாநா. கூடையை என் கையில் தந்து விரல்களின் பக்கவாட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அலுமினிய விரல்கள், ஒவ்வொன்றிலும் தட்டுப் பற்கள் இடித்து இடித்துச் செதுக்கிய பள்ளங்கள். நகம் மாட்டியது. லீவரைப் பிடிக்கும்போது தட்டுகள் இந்த விரல்களில் வழுக்கி விலக வேண்டும். பள்ளத்தில் பல் மாட்டினால் விலகாது. அதிர்வில் எப்போது வழுக்கும், எப்போது மறுபடி மாட்டும் என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் சும்மா ஓடும் வேகமும் கூடியிருந்தால், மாட்டுகிற கணத்தில் பாயும்.

பள்ளம் வருஷக்கணக்கில் விழுந்தது. அது தேய்மானம், எல்லா வண்டிக்கும் வருவது. அது மட்டும் இருந்திருந்தால் நியூட்ரல் கிடைக்காத தொல்லையோடு போயிருக்கும் என்பது அவருடைய கணிப்பு. கோணல் நான் செய்தது. ஸ்லோவைக் கூட்டியதும் நான். அவர் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. நான்தான் கொப்பியில் மார்க் போடுவது போல மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

புதுக் கூடைக்கு வழியில்லை. பள்ளம் ஆழமில்லாததால் அரம் பிடிக்கலாம் என்றார். மெல்லிய அரம், ஒவ்வொரு விரலுக்கும் ஒரே அளவு, முகம் சரியாமல் நேராக. பள்ளம் மறையும்வரை மட்டும். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் பற்களுக்கும் விரலுக்கும் இடைவெளி கூடி வண்டி கடகடக்கும். லுஹர் தொழுகைக்கு எழுந்து போகும்போது அரத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்து, நான் அராவியதில் இரண்டு விரலை மறுபடி அராவினார். மண்ணெண்ணெயில் கழுவி, அலுமினியத் தூள் ஒன்றும் இல்லாமல் துடைத்தார். அந்தத் தூள் எஞ்சினுக்குள் போனால் கிளச்சைத் திருத்தி எஞ்சினைக் கொன்ற கதையாகும். கவருக்குள் ஒயில் சுத்திகரிக்கும் உருளையில் தார் போல அப்பியிருந்த கசடையும் ஒரு குச்சியால் வழித்தெடுத்தார். அது கேட்காமல் செய்த வேலை.

எஃகுத் தட்டு மூன்றும் புதிதாக வேண்டும். கண்டியிலிருந்து பஸ்ஸில் வரவழைக்க மூன்று நாள் ஆயிற்று. என் ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டப் போனது. அந்த மூன்று நாளும் நோர்வூட் பஸ்ஸில் போய் இறங்கி மலையேறி நடந்தேன். இரண்டு நாள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து. பெரிய வெட்கம் ஒன்றும் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

உராய்வுத் தட்டுகளை இரவு முழுக்கப் புது ஒயிலில் ஊறவைத்து அடுக்கினார். உலர்ந்த தட்டைப் போட்டால் முதல் ஓட்டத்திலேயே பொசுங்கிவிடும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினார். கெஸ்கட்டைப் பெக்கிங் தாளில் வெட்டி ஒட்டினார். புதுக் கேபிள் போட்டு, லீவர் நுனியில் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்துப் பதினைந்து மில்லிமீற்றர் ஆட்டம் விட்டார். அடிமட்டம் என்னுடையது. கடைசியாக ஸ்லோ ஸ்குரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் ஓட, நின்ற இடத்தில், சுண்டுவிரலால் தட்டுவது போல நியூட்ரல் விழுந்தது.

பழைய தட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு உராய்வு பாடம் எடுத்த விரிவுரையாளர் மரக்கட்டையையும் வில் தராசையும் வைத்துத்தான் காட்டினார். பதினைந்து வருஷமாக நானும் அதே மரக்கட்டையைத்தான் இழுத்துக் காட்டி வருகிறேன். அந்த வாரம் தரம் 7இல் நீலத் தட்டையும், ஆய்வு அலுமாரியின் கண்ணாடியையும், அப்பியாசக் கொப்பியில் கிழித்த இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தட்டின் ஓரத்தை அழுத்தி 'டிக்' சத்தத்தைக் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் மகள் தாளைச் செருகிப் பார்த்துவிட்டு, "இதுனாலதான் எங்கம்மா விழுந்தாங்களா சேர்?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆமாம் என்றேன். "இன்னும் மேமலைக்கு ஏற ஏலாது. கணக்கப்புள்ளகிட்ட கேட்டுக் கீழ்மலையில எடுக்குறாங்க" என்றாள். அங்கே கொழுந்து குறைவு என்பதை அவள் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் மடுவத்துக்கு இருபது யார் இப்பால் எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கிளச் சரியாகிவிட்டது, அணைக்கத் தேவையில்லை. அவர் வரிசையில் நின்றார். கால் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். மழையில்லை. வேறு எதையும் சாட்டாகச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

"அம்மா, அன்னைக்கு மழையால இல்ல. வண்டியில பழுது இருந்தது. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார், முன்சில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேவா சேர் ஓட்டுனீங்க?"

கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார், பதில் வேண்டும் என்பது போல. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினார். கங்காணி முள்ளைப் பார்த்து, "பதினொன்னு" என்று சத்தமாகச் சொன்னார்.